மதினி என்று கூப்பிட்ட டாக்டர்

மார்ச் 9

மின்வாரியத்தில் துணைமின் நிலைய லாக் புக் எழுதிப் பழகிய கை. ஓய்வு பெற்ற பிறகும் எழுதாவிட்டால் அரிக்கிறது. ஊரிலிருந்து வந்து இறங்கியதும் மகன் குமார் ஒரு டைரி வாங்கித் தந்திருக்கிறான். இந்த ஓக் ஹாலோவில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்டால், பனி இருக்கிறது. சிகாகோவிலிருந்து காரில் முக்கால் மணி நேரம் தள்ளி ஒரு புறநகர். எல்லா வீடும் ஒரே அச்சு. நேற்று நடந்துவிட்டுத் திரும்பும்போது பக்கத்து வீட்டுக் கதவைத் திறக்கப் பார்த்தேன். உள்ளே இருந்து ஒரு நாய் என்னைத் திருத்தியது.

ஆவுடை இன்று மத்தியானம் தட்டுகளை எடுத்துக்கொண்டே சொன்னாள்.

"ஏங்க, ஒரு டாக்டரம்மாவப் பாக்கணும்."

"என்ன செய்யுது?"

"அசதியா இருக்கு."

"அசதிக்கு டாக்டர் போதாதா? டாக்டரம்மாதான் வேணுமாக்கும்?"

அவள் தட்டைக் கழுவப் போய்விட்டாள். கல்யாணமான நாள் முதல் இப்படித்தான். பாதி சொல்வாள், மீதியை நான் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்தும் விடுவேன். ரத்தக் குறைவாக இருக்கும். சங்கரன்கோவிலில் இருக்கும்போதே ஒழுங்காகச் சாப்பிட மாட்டாள்.

மார்ச் 11

குமார், "பக்கத்து க்ளினிக்லயே யாரையாவது பாக்கலாம்பா" என்கிறான். அதெப்படி? 'கை கால் ஓஞ்சு வருது' என்பதை வெள்ளைக்காரரிடம் எப்படிச் சொல்வது? அவர் கையைத் தனியாக, காலைத் தனியாகப் பரிசோதிப்பார். ஆவுடைக்கு இங்கிலீஷ் தேங்க்யூவோடு சரி. நம்ம ஆள் வேண்டும். வாயைத் திறந்தால் புரிய வேண்டும்.

அவன் எடுத்து வைத்திருக்கும் இன்சூரன்ஸில் எந்தெந்த டாக்டரிடம் போகலாம் என்று கம்ப்யூட்டரில் வருகிறது. உட்கார்ந்து பெயர் பெயராகப் பார்த்தேன். ஷா, மேத்தா, ரெட்டி, சிங். டாக்டர் தாமஸ் என்று ஒருவரை வெள்ளைக்காரர் என்று தள்ளிவிட்டேன். பிறகு படத்தைப் பார்த்தால் கோட்டயத்து மீசை. தமிழ்ப் பெயர் ஒன்று இருந்தது. கூப்பிட்டால், அவர் குழந்தைகளுக்கு மட்டும் பார்ப்பவராம்.

மார்ச் 17

வெயில் எட்டிப் பார்த்ததால் குளத்தங்கரை பெஞ்சுக்கு எல்லோரும் வந்திருந்தார்கள். எல்லோரும் என்றால் பிள்ளைகள் வீட்டுக்கு வந்து சேர்ந்த அப்பாக்கள். விஜயவாடாக்காரர் ஒருவர், இரண்டு பஞ்சாபிகள், ஒரு மைசூர். டாக்டர் தேடுகிறேன் என்று வாய் திறந்ததுதான் தாமதம், ஆளுக்கு ஒரு பெயர் சொன்னார்கள். அவரவர் ஊர்க்காரர் பெயர். யாரும் அடுத்தவர் டாக்டரை ஒப்புக்கொள்ளவில்லை. நன்றாகப் பொழுது போனது.

மார்ச் 22

கோயிலுக்குப் போனோம். ஆவுடை வரவில்லை. போன வாரமும் வரவில்லை, அதற்கு முந்தின வாரமும் இல்லை. வெள்ளிக்கிழமை விளக்கைக்கூட மருமகளை ஏற்றச் சொல்கிறாள். மிருணாள் புனேக்காரப் பெண். அவளும் ஆவுடையும் பேசிக்கொள்ளும் பாஷை எந்த நாட்டிலும் கிடையாது. பாதி கை, பாதி சிரிப்பு. ஆனாலும் அவள் வந்து பொறுப்பாக ஏற்றுகிறாள். சங்கரன்கோவிலில் ஆடித் தபசுக்குக் கால் கடுக்க நிற்பவளுக்கு, கார் வைத்துக் கூட்டிப் போகிறேன் என்றால் கசக்கிறது. குளிருக்கு உடம்பு சோம்பேறியாகிவிட்டது.

மார்ச் 28

குஜராத்தி டாக்டர் ஒருவரைப் பார்த்தோம். அவர் ஹிந்தியில் கேட்டார், நான் இங்கிலீஷில் சொன்னேன், ஆவுடை சுவரில் இருந்த எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சத்து மாத்திரை எழுதிக்கொடுத்து அனுப்பிவிட்டார். எந்த ஊர் என்றுகூடக் கேட்கவில்லை. இவர் சரிப்பட மாட்டார்.

ஏப்ரல் 4

வாஷிங் மெஷின் சும்மா நிற்கிறது. இவள் விடியுமுன் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டுக் கையால் துணி துவைக்கிறாள். இன்னும் ஊர்ப் புத்தி போகலையா என்றேன்.

ஏப்ரல் 8

கிடைத்துவிட்டார்! சகலை இசக்கிமுத்து போனில் சொன்னான். "அண்ணாச்சி, எங்கூட படிச்ச பூதலிங்கம் அங்கனதான இருக்கான். அம்பாசமுத்திரம். பெரிய டாக்டர்லா!" நம்பரைப் போட்டுப் பேசினேன். ஹலோவுக்கு அப்புறம் முதல் வார்த்தையே "சொல்லுங்கண்ணாச்சி" என்றார். எத்தனை நாளாயிற்று அப்படி ஒரு குரலைக் கேட்டு. பக்கத்து ஊரிலேயே க்ளினிக். காரில் பத்து நிமிஷம். இத்தனை நாள் கையில் விளக்கை வைத்துக்கொண்டு இருட்டில் தடவியிருக்கிறேன்.

ஆவுடையிடம் சொன்னேன். "ஆம்பளயா?" என்றாள்.

"நம்ம ஊர்க்காரரு, போதாதா? ஆம்பள பொம்பளன்னுட்டு."

ஏப்ரல் 15

டாக்டர் பூதலிங்கத்தைப் பார்த்தோம். அறுபது வயசு இருக்கும், தலை முழுக்க நரை, பேச்சு மட்டும் அப்படியே ஆற்றங்கரைப் பேச்சு. கதவைத் திறந்ததும், "வாங்கண்ணாச்சி! வாங்க மதினி!" என்று கை கூப்பினார். நர்ஸ்கள் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

பாபநாசம் அணை, அம்பை ரயில்வே கேட், அந்தக் காலத்து லாரி ஓனர்கள் என்று பேச்சு எங்கெங்கோ போனது. அவர் வீட்டுக்கு முதன்முதலில் மின் இணைப்பு கொடுத்தது என் சீனியர்தான் என்று கண்டுபிடித்தோம். என்ன உலகம் இது!

பிறகு கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டு, "மதினிக்கு என்ன செய்யுது?" என்றார்.

"ஒண்ணுமில்ல டாக்டர். அசதி. மாடி ஏறினா மூச்சு வாங்குது. ரத்தம் கம்மியா இருக்கும்" என்றேன்.

"சாப்பாடு?"

"கோழி கொத்துன மாதிரி."

"மாதவிடாய் நின்னு எத்தன வருஷம் இருக்கும்?"

"அதெல்லாம் பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு."

"அது சம்பந்தமா தொந்தரவு ஏதும்?"

"ஒண்ணும் கெடயாது."

அவர் ஆவுடை பக்கம் திரும்பினார். "மதினி, நீங்க சொல்லுங்க."

ஆவுடை முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டே, "அவுக சொல்லுததுதான்" என்றாள்.

"இங்க பொம்பளைங்க வழக்கமா ஒரு செக்கப் பண்ணிக்கிடுவாங்கண்ணாச்சி. லேடி டாக்டர் பேரு ஒண்ணு தரட்டுமா?"

"இந்த வயசுல அதெல்லாம் எதுக்கு டாக்டர்?" என்று சிரித்தேன். அவரும் சிரித்துவிட்டு ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். கிளம்பும்போது வாசல் வரை வந்தார். ஒரு டாக்டர் வாசல் வரை வருவதை இந்த நாட்டில் யார் பார்த்திருக்கிறார்கள்?

காரில் ஆவுடை கண்ணை மூடிக்கொண்டு வந்தாள். "எப்படி நம்ம டாக்டரு?" என்று கேட்டேன். "தங்கமான மனுசன்" என்றாள். பின்னே.

ஏப்ரல் 21

நான் சொன்னதே சரி. ரத்தம் ரொம்பக் கம்மி. டாக்டரே கூப்பிட்டுச் சொன்னார். கீரை, பேரீச்சம்பழம், இரும்புச் சத்து மாத்திரை. ரத்தம் இவ்வளவு குறையக் காரணம் என்ன என்று பார்க்க வேண்டும், வயிற்றில் புண் இருக்கிறதா, மலத்தில் ரத்தம் போகிறதா என்று கேட்டார். எனக்குத் தெரியாதா, அப்படி எதுவும் இல்லை என்றேன். பேரீச்சம்பழம் ஒரு பெட்டி வாங்கியாகிவிட்டது.

மே 9

எழுதவே கை வரவில்லை, அவ்வளவு கோபம்.

டாக்டர் வீட்டில் சத்தியநாராயண பூஜை. எங்களை வீட்டு மனுஷர்கள் மாதிரி அழைத்திருந்தார். அவர் சம்சாரம் ஆவுடை கையைப் பிடித்து, "வாங்கக்கா, நீங்கதான் குத்துவிளக்கு ஏத்தணும், பெரியவங்க" என்று கூப்பிடுகிறாள். இவள் மாட்டேன் என்றுவிட்டாள்! கூட்டத்துக்கு நடுவில். பூஜை நடந்த அறைக்குள்ளேயே வரவில்லை. பின்பக்கம் புல்வெளியில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, கறுப்புச் சேலையும் ஸ்வெட்டருமாகக் குளிரில் உட்கார்ந்திருக்கிறாள். பிரசாதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தால் கையில் வாங்கவில்லை. பிறகு சாப்பிடுகிறேன் என்கிறாள். சுபகாரியத்துக்குக் கறுப்புச் சேலை! வரவர அந்தக் கறுப்பையும் மெரூனையும் விட்டால் வேறு சேலை கிடையாது.

டாக்டர் பெரிய மனசு பண்ணி, "மதினிக்குக் கூட்டம்னா கூச்சம் போல" என்றார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து பிடிபிடியென்று பிடித்தேன். "நம்மள மனுசனா மதிச்சுக் கூப்பிட்டவரு வீட்ல இப்படியா மானத்த வாங்குவ?" அவள் குனிந்த தலை நிமிரவில்லை. மிருணாள் மாடியிலிருந்து இறங்கி வந்து அத்தையின் தோளில் கை போட்டு அழைத்துக்கொண்டு போய்விட்டாள். போகும்போது என்னை ஒரு பார்வை பார்த்தாள். மருமகள் பார்க்கும் பார்வையா அது?

மே 10

பேச்சுவார்த்தை இல்லை. இட்லி மேஜைக்குத் தானாக வந்தது.

மே 23

மாத்திரையும் பேரீச்சையும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. முகத்தில் மட்டும் ரத்தத்தைக் காணோம். மெழுகு மாதிரி இருக்கிறாள். டாக்டரிடம் போகலாம் என்றால், "அடுத்த மாசம் பாக்கலாம்" என்கிறாள். மாமியாரும் மருமகளும் சனிக்கிழமை தோறும் கடைக்குப் போகிறார்கள். என்ன வாங்கினீர்கள் என்றால் சிரிக்கிறார்கள். பை நேராகப் படுக்கையறைக்குப் போகிறது. சோபாவில் பழைய துண்டு ஒன்றை விரித்துத்தான் உட்காருகிறாள். சோபா அழுக்காகிவிடுமாம். சொந்த மகன் வீட்டில் இப்படி ஒதுங்கி ஒதுங்கி இருப்பானேன்?

ஒன்றும் இல்லாததற்கு மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. நடந்துவிட்டு வந்தால் சரியாகும்.

ஜூன் 6

ஆவுடை விழுந்துவிட்டாள். அடுப்படியில் சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். நல்ல வேளை மிருணாள் பக்கத்தில் நின்றிருந்தாள், தலையில் அடிபடவில்லை. நான் "ஆவுடை, ஆவுடை" என்று கத்துகிறேன், வேறு ஒன்றும் செய்யத் தெரியவில்லை. குமார் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டான். ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றினார்கள். இரண்டு பாட்டில். அவசரப் பிரிவில் மிருணாள் என்னையும் குமாரையும் வெளியே அனுப்பிவிட்டு நர்ஸிடம் என்னவோ தணிந்த குரலில் பேசினாள்.

டாக்டர் பூதலிங்கத்துக்குப் போன் போடப் போனேன். மிருணாள் போனை என் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டாள்.

"வேண்டாம் அப்பா. வேறு டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். டாக்டர் மூன்சாமி" என்று இங்கிலீஷில் சொன்னாள்.

"மூன்சாமியா?"

அவள் எழுத்துக் கூட்டிச் சொன்னாள். முனுசாமி! அந்த நேரத்திலும் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. நம்ம ஆளைத்தான் பிடித்திருக்கிறாள் மருமகள்.

ஜூன் 11

டாக்டர் முனுசாமி ஒரு பெண். முடியை ஆண்பிள்ளை மாதிரி ஒட்ட வெட்டியிருந்தாள். நாற்பது நாற்பத்தைந்து வயசு. நிறமும் முகமும் அசல் நம்ம பக்கம். நான் எழுந்து நின்று, "வணக்கம், எந்த ஊர் நீங்க?" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. ஒரு வார்த்தை தமிழ் தெரியாதாம். தென்னாப்பிரிக்காவில் டர்பன். கொள்ளுத்தாத்தாவைக் கரும்பு வெட்டக் கப்பலில் கொண்டுபோனார்களாம். அவர் எந்த ஊர் என்று யாருக்கும் தெரியாது என்று சொல்லிச் சிரித்தாள். பெயரை மட்டும் வைத்துக்கொண்டு ஊரே தெரியாத தமிழர் ஒருவரை இன்றுதான் பார்க்கிறேன்.

சரி, பாஷைக்குத்தான் நான் இருக்கிறேனே என்று நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு, "என் மனைவிக்கு அசதி, ரத்தக் குறைவு" என்று இங்கிலீஷில் தொடங்கினேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். மேஜை மேல் ஒரு போனை வைத்து எதையோ அழுத்தினாள். போனுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல், "வணக்கம் அம்மா, நான் உங்களுக்கு மொழிபெயர்க்கிற ஆள்" என்றது. யாழ்ப்பாணத் தமிழ். எந்த ஊரில் உட்கார்ந்திருக்கிறாளோ.

டாக்டர் ஆவுடையைப் பார்த்து என்னவோ சொன்னாள். அதை நான் கேட்டது சரிதானா என்று யோசிப்பதற்குள் போன் தமிழில் சொல்லிவிட்டது.

"அம்மா, டாக்டர் கேக்கிறா, உங்கட மனுசன் உள்ளுக்க இருக்கிறதோ, வெளியில இருக்கிறதோ, உங்களுக்கு எது விருப்பம் எண்டு."

என்ன கேள்வி இது? ஆவுடை என்னைப் பார்க்கவில்லை. போனைப் பார்த்தாள்.

"அவுக வெளிய இருக்கட்டும்" என்றாள்.

வெளியே உட்கார்ந்தேன். எதிரே மீன் தொட்டி. கதவு சாத்தியிருந்தாலும் ஆவுடையின் குரல் கேட்டது. வார்த்தை புரியவில்லை, குரல் மட்டும். நிறுத்தாமல் பேசிக்கொண்டே இருந்தாள். அவ்வளவு நேரம் ஒருமிக்க அவள் பேசி நான் கேட்டதில்லை. மிருணாள் பக்கத்தில் உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருந்தாள்.

ஜூன் 12

என்ன சொன்னாள் டாக்டர் என்று ஆவுடையிடம் கேட்டேன். "ஒரு ஸ்கேனும் ஒரு சின்ன டெஸ்ட்டும் எடுத்திருக்காக. முடிவு வரட்டும்." மிருணாளிடம் கேட்டேன். "அம்மாதான் உங்களுக்குச் சொல்ல வேண்டும், அப்பா." குமாரிடம் கேட்டேன். அவனுக்கு என்னைவிடக் குறைவாகத் தெரிகிறது. கட்டின புருஷனுக்குத் தெரியக்கூடாதது கடல் தாண்டி எவளோ ஒருத்திக்குப் போனில் தெரிந்திருக்கிறது. ராத்திரிச் சாப்பாடு வேண்டாம் என்றேன். யாரும் வற்புறுத்தவில்லை.

ஜூன் 14

டாக்டர் பூதலிங்கத்தைக் கூப்பிட்டு ஒரு பாட்டம் அழாக்குறையாகச் சொன்னேன். எவளோ ஒரு டாக்டர், தமிழ் தெரியாது, புருஷனை வெளியே அனுப்புகிறாள் என்றேன்.

"அண்ணாச்சி, அவங்க என்ன ஸ்பெஷலிஸ்டுன்னு தெரியுமா?"

"தெரியாதே."

"பேரச் சொல்லுங்க." சொன்னேன். அவர் பெருமூச்சு விட்டது கேட்டது. "நல்ல டாக்டர்தான். மதினிய அங்கயே காட்டுங்க. அன்னைக்கு நான் உங்கள வெளிய உக்கார வச்சிருக்கணும்ண்ணாச்சி. ஊர்ப் பேச்சுல விட்டுட்டேன்."

"என்னன்னு சொல்லுங்களேன்."

"மதினிட்டயே கேளுங்க. கோவப்படாம கேளுங்க."

ஜூன் 16

ஆவுடை அசந்து தூங்கிவிட்டாள். அவள் எழுந்து குளிக்கப் போனதும் ரத்தக் கறை பட்டிருந்த படுக்கை விரிப்பை நானே எடுத்துக்கொண்டு கீழே போனேன். மெஷினில் எந்தப் பொத்தான் என்று தெரியவில்லை. மிருணாள் வந்தாள். விரிப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "பச்சைத் தண்ணீரில் போட வேண்டும் அப்பா, சுடுதண்ணீர் வேண்டாம்" என்று காட்டிக்கொடுத்தாள்.

ஜூன் 18

குமாரும் மிருணாளும் வேலைக்குப் போன பிறகு கேட்டேன். கோபப்படாமல்தான் கேட்டேன்.

"எப்ப இருந்துட்டி இப்படி?"

அவள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். "மார்கழியில இருந்து. ஊர்லயே. ஃப்ளைட் ஏறுதப்பவே இருந்துச்சு. நின்னுரும்னு பாத்தேன்."

"ஏன் டாக்டர்கிட்ட சொல்லல? பூதலிங்கம் எவ்வளவு தன்மையா கேட்டாரு!"

"எப்படிங்க சொல்லுவேன்? மதினிங்காரு. கொழுந்தன் முறையாகிப் போச்சுல்லா? நாளைக்கு அவுக வீட்ல போய்ச் சாப்பிடணும், அந்தப் பொண்ணு மூஞ்சில முழிக்கணும். அவரு டாக்டராவே இருந்திருந்தா ஒருவேள சொல்லியிருப்பேன். நீங்க அவர உள்ள வரும்போதே சொந்தக்காரராக்கிட்டீங்க."

"போன்ல யாரோ ஒருத்திகிட்ட மட்டும் சொல்ல முடிஞ்சுதாக்கும்?"

"ஆமா. அவ மூஞ்சியும் எனக்குத் தெரியாது, எம்மூஞ்சியும் அவளுக்குத் தெரியாது. அம்மான்னு கூப்பிட்டா. அவ்வளவுதான்." இரண்டு பல் உரித்தாள். "எல்லாத்தயும் சொல்லிட்டேன். சொன்ன பொறவு பசிச்சுது."

"அப்ப எங்கிட்ட? நான் யாரு? எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னேனே. வந்த புதுசுலயே டாக்டரம்மாவப் பாக்கணும்னு சொன்னேன்."

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். உப்பு எங்கே இருக்கிறது என்று சொல்கிற மாதிரி சொன்னாள். நான் கொஞ்சம் பூண்டை என் பக்கம் இழுத்து வைத்து உரித்தேன். தோல் நகத்துக்குள் போய் எரிந்தது.

ஜூன் 19

வெள்ளிக்கிழமை. விளக்கை நான் ஏற்றினேன். திரி நனையாமல் இரண்டு முறை அணைந்தது. ஆவுடை தூரத்தில் நின்று, "எண்ணெய இன்னும் கொஞ்சம் விடுங்க" என்றாள்.

பயமாக இருக்கிறது. அதை எழுதிவிட்டால் குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை.

ஜூன் 23

முடிவு சொல்ல வரச் சொல்லியிருந்தார்கள். மிருணாள் வண்டி ஓட்டினாள். ஆவுடையை உள்ளே கூப்பிட்டபோது நான் மீன் தொட்டிக்கு எதிரே உட்கார்ந்துவிட்டேன். கதவு மறுபடி திறந்து நர்ஸ் என்னையும் வரச் சொன்னாள். போன் மேஜை மேல் இருந்தது. அதே குரல்.

"ஐயா வணக்கம். அம்மா சொல்லுறா, நீங்கள் உள்ளுக்க இருக்கலாமாம். ஆனா அவ முடிக்கிற வரைக்கும் கதைக்கக் கூடாதாம்."

டாக்டர் முனுசாமிக்குச் சிரிப்பு வந்தது. எனக்கும் வந்திருக்கும், வேறு நாளாக இருந்தால். நான் சுவரோரம் உட்கார்ந்தேன்.

டாக்டர் நாற்காலியை ஆவுடையின் முழங்காலுக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்துக்கொண்டு, அவள் முகத்தைப் பார்த்து, இங்கிலீஷில் சொன்னாள். எனக்குப் புரிந்துவிட்டது. ஆவுடைக்கு இன்னும் புரியவில்லை. அவள் போனைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள், பஸ் வருகிறதா என்று பார்க்கிறவள் மாதிரி. அந்தக் கொஞ்ச நேரம், எனக்குத் தெரிந்து அவளுக்குத் தெரியாமல் இருந்த அந்த நேரம், என் விரோதிக்கும் வர வேண்டாம். எழுந்து போய் அந்தப் போனைப் பிடுங்கி எறியலாமா என்றிருந்தது. இதுவரை எல்லாமே அவளுக்கு என் வழியாகத்தான் போயிருக்கிறது. இது மட்டும் என் வழியாகப் போகாது.

போன் பேசியது. "அம்மா, உங்கட கர்ப்பப்பையில புற்றுநோய் இருக்குதெண்டு சோதனையில வந்திருக்குது. ஸ்கானில பார்த்த அளவில வெளியால பரவேல்லை எண்டு டாக்டர் நினைக்கிறா. ஒப்பரேசன் செய்து எடுக்க வேணும். எடுத்த பிறகுதான் முழுசாத் தெரியும். அடுத்த கிழமையே செய்யலாம் எண்டு சொல்லுறா."

ஆவுடை தன் கையைப் பார்த்தாள். பிறகு கேட்டாள். "முன்னாடியே வந்திருந்தா?"

டாக்டர் என்னைப் பார்க்கவில்லை. ஆவுடையைத்தான் பார்த்தாள். முன்னதாக வந்திருந்தால் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும், இப்போது ஒப்பரேஷனுக்கு அப்புறம் கதிர் சிகிச்சையும் தேவைப்படலாம், ஆனாலும் கைவிட்டுப் போன கட்டம் இல்லை என்றாள். போன் ஒவ்வொன்றாகச் சொன்னது. யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

"சரி. செஞ்சிருவோம்" என்றாள் ஆவுடை. ஊரில் யாருக்கும் இப்போது சொல்ல வேண்டாம் என்றாள். குமாரிடம் அவளே சொல்லிக்கொள்வாளாம். மீதி எல்லாம் தேதி, சாப்பாடு, எப்போது வர வேண்டும் என்கிற பேச்சு. அவளே கேட்டாள், அவளே பதில் சொன்னாள். வலி எங்கே, எத்தனை நாள், எந்த மாதிரி என்று அவள் சொன்ன பாதி விஷயம் எனக்குப் புதிது. பக்கத்தில் படுத்திருக்கிறவன் நான்.

கடைசியில் டாக்டர் என் பக்கம் கை காட்டி ஏதோ கேட்டாள்.

"ஐயாவுக்கு ஏதும் கேக்க வேணுமோ எண்டு டாக்டர் கேக்கிறா" என்றது போன்.

ஆவுடை திரும்பி என்னைப் பார்த்தாள். "கேளுங்க. உங்களுக்கு என்ன கேக்கணுமோ கேளுங்க."

என்னிடம் கேள்விகள் இருந்தன. ராத்திரி முழுக்க அடுக்கி வைத்திருந்தேன், நல்ல இங்கிலீஷில். எந்தக் கட்டம், எத்தனை மணி நேரம், யார் கத்தி வைப்பது. வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. மறுபடி திறந்தேன். தாடை கிடுகிடுவென்று ஆடுகிறதே தவிர சத்தம் இல்லை.

"ஹலோ? ஐயா? உங்கட சத்தம் கேக்கேல்ல. லைனில இருக்கிறீங்களோ?"

ஆவுடை போன் பக்கம் குனிந்தாள். குரலைத் தணித்துக்கொண்டாள். "அவுக அழுவுதாக தாயி. அத டாக்டரம்மாகிட்ட சொல்ல வேண்டாம்."



"அறையில சொல்லுற எல்லாத்தையும் நான் சொல்லத்தான் வேணும் அம்மா. குறை நினைக்காதேங்கோ" என்றாள் அந்தப் பெண். பிறகு இங்கிலீஷில், எனக்கு நன்றாகப் புரிகிற இங்கிலீஷில், நான் அழுகிறேன் என்றும், அதைச் சொல்ல வேண்டாம் என்று என் மனைவி கேட்டுக்கொண்டாள் என்றும் டாக்டரிடம் சொன்னாள்.